அக்காவுக்கு ஒரு விரிப்பு

இன்றைக்கு யாரும் என்னைச் சிரிக்க வைத்துவிடக் கூடாது.

தும்மல் வந்தால் மூக்கின் மேல் விரலை அழுத்திக்கொள்ளலாம். இருமலைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிடலாம். சிரிப்பைத்தான் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அது கேட்டுக்கொண்டா வருகிறது? அதனால் இன்றைக்கு ஒரு நாள், தம்பி கவினின் கல்யாணத்துக்கு முந்தின நாள், எனக்குச் சிரிப்பே வராத மாதிரி ஏதாவது நடந்துகொண்டே இருந்தால் தேவலை.

கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்தபடி புவனா இப்படித்தான் வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதல் முழுசாக நிறைவேறப் போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மகள் மகிழினி பிறந்தபோது குழந்தையை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அதன் பிறகு புவனாவின் உடம்பு பழையபடி ஆகவில்லை. சிரித்தால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிந்துவிடும். "எல்லாப் பொம்பளைங்களுக்கும் இருக்கறதுதான புவனா" என்று கணவன் அருள்குமார் சொல்லிவிட்டான். சொன்னதோடு அவன் வேலை முடிந்தது.

ரொம்ப நாள் அவள் வீட்டைவிட்டு வெளியே போகாமலே இருந்தாள். பஸ் சீட், ஆஸ்பத்திரி பெஞ்சு, அடுத்த வீட்டு சோபா, எல்லாவற்றையும் கண்டு பயந்தாள். ஒரு நாள் ஆன்லைனில் தேடி ஒரு கருநீல சீட் கவரை வாங்கினாள். மேலே பருத்தி, அடியில் தண்ணீர் இறங்காத படலம். மடித்தால் கைப்பைக்குள் ஒரு மணிபர்ஸ் மாதிரி அடங்கிவிடும். எங்கே போனாலும் முதலில் அதை விரிப்பாள். யாராவது பார்த்தால், "சீட்டெல்லாம் ஒரே தூசிங்க" என்பாள். அவர்களும் தலையாட்டுவார்கள். அந்த ஒரு முழத் துணியை நம்பித்தான் அவள் மறுபடி பஸ் ஏறினாள், சினிமா பார்த்தாள், மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

போன மாதம் ஆர்.எஸ்.புரத்தில் கூறைப்பட்டு எடுக்கப் போன இடத்தில்தான் எல்லாம் கெட்டது. கடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. கவரை எடுப்பதற்குள் கல்யாணப் பெண்ணின் அம்மா, "அட வாங்க அம்மணி, இப்படிப் பக்கத்துல உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். புடவை விரித்துக் காட்டிய கடைக்காரரைப் போலவே கவின் தோளில் முந்தானையைப் போட்டு ஒரு திரும்பு திரும்பினான். புவனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிச் சிரித்தாள். எழுந்தபோது வெள்ளை விரிப்பில் கை அகல ஈரம்.

சம்பந்தியம்மா தன் புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

அன்று மாலையே வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மா ராசாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "இணைச்சீர தாரிகா செஞ்சுக்கட்டும் அம்மணி. நீ கூட நின்னு பாத்துக்க."

இணைச்சீர் என்பது மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளுக்கென்றே இருக்கிற சீர். அவளும் கல்யாணப் பெண்ணைப் போலவே உடுத்து, சபை பார்க்கத் தம்பியின் பக்கத்தில் உட்கார வேண்டும். கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை அவள் கையில். நாளைக்கு இவளுக்கு என்ன வந்தாலும் கேட்கப் பிறந்த வீடு இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற சீர் அது. கவின் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து புவனா காத்திருந்த சீர்.

தாரிகா சித்தப்பா மகள். பெங்களூரில் வேலை. தங்கை முறைதான், தப்பில்லை. ஆனால் கூடப் பிறந்தவள் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது யாரும் சித்தப்பா மகளைக் கூப்பிடுவதில்லை.

"புவனா! கிளம்புனயா இல்லயா? ராகுகாலம் வந்துபோடும்" என்று வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

* * *

தொண்டாமுத்தூர் வீட்டு வாசலில் கவினின் புது வண்டி நின்றது. சீட்டெல்லாம் வெண்ணெய் நிறம். பெருந்துறை மண்டபத்துக்கு அப்பா பொங்கியண்ணன் விடிகாலையிலேயே போய்விட்டார். அருள்குமாரும் மகிழினியும் மத்தியானத்துக்கு மேல் நேராக அங்கே வருவார்கள். வண்டியை ஓட்டக் கவினின் நண்பன் சாய்கிருஷ்ணா வந்திருந்தான். அம்மாவும் தாரிகாவும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. ஓரத்தில் ஒரு இடம் பாக்கி.

"அக்கா, ஒரு நிமிசம். ஏறிப்போடாதீங்க."

கவின் டிக்கியைத் திறந்து பிரிக்காத ஒரு பொட்டலத்தை எடுத்தான். பல்லால் கடித்துப் பிளாஸ்டிக்கைக் கிழித்தான்.

"உங்களுக்குன்னே ஆர்டர் போட்டேனுங்க. உங்களுது சின்னது, பக்கமெல்லாம் மூடாது. இது பாருங்க, உக்கார்ற எடம், சாயற எடம், கதவு வரைக்கும் வரும். ஹெட்ரெஸ்ட்ல மாட்டறதுக்கு பெல்ட் இருக்குது."

உதறி விரித்தான். சாம்பல் நிறத் துணி. அதன் மேல் கறுப்பில் சின்னச் சின்னப் பாதத் தடங்கள். ஒரு மூலையில் எலும்புத் துண்டு வரைந்திருந்தது.

புவனாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சாய்கிருஷ்ணாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"டேய் மாப்ள, இது நாய்க்குப் போடறதுடா!"

"அதுக்கென்றா? தண்ணி இறங்காததுல இதுதான் நல்லதுன்னு எல்லாரும் எழுதியிருக்கறாங்க. கல்யாணம் முடிஞ்சா நம்ம டைகருக்கு ஆகும்." அக்காவிடம் திரும்பினான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. புது வண்டி பாருங்க."

நம் ஊர்ப் பக்கத்தில் கழுத்தில் கத்தியை வைத்தாலும் 'கொஞ்சம் நிமிந்துக்குங்க' என்றுதான் சொல்வார்கள் என்று புவனா நினைத்தாள்.

"என்ற கவர் பையில இருக்குது கண்ணு. அதையே போட்டுக்கறேன்."

"ரெண்டையும் போட்டுக்கலாங்க. ஒண்ணு மேல ஒண்ணு."

தாரிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். அம்மா மட்டும் நேராகப் பார்த்தாள். "ஏறு அம்மணி. நாயிப் படமா நரிப் படமான்னு நின்னு பாத்துட்டு. துணியில என்ன இருக்குது?"

புவனா ஏறி உட்கார்ந்தாள். அவள் அசையும்போதெல்லாம் அந்தத் துணி சரசரவென்று சத்தம் போட்டது. வண்டிக்குள் பேச்சு ஓய்ந்த நேரங்களில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் அசையாமல் உட்காரப் பழகிக்கொண்டாள்.

அவிநாசி ரோட்டில் மேம்பாலத் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. சாய்கிருஷ்ணா தன் கல்யாணத்தில் புரோகிதர் பெயரை மாற்றிச் சொன்ன கதையை ஆரம்பித்தான். தாரிகா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். புவனா கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

கவின் முன்சீட்டிலிருந்து கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "டேய் சாய், போதும்டா நிறுத்து. அக்கா சிரிச்சுப்போட்டாங்கன்னா என்ற சீட்டு போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

அவன் கழுத்துக்குப் பின்னால், முடி வெட்டிய கோட்டுக்குக் கீழே, ஒரு மச்சம் உண்டு. புவனா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலாம் வகுப்பு படிக்கிறவரைக்கும் கவின் படுக்கையை நனைப்பான். இன்னொரு தடவை ஆனால் தொடையில் சூடு போடுவேன் என்று அம்மா மிரட்டி வைத்திருந்தாள். போடுகிறவள்தான். அதனால் விடிவதற்கு முன்னால் புவனா எழுந்து, தூங்குகிற பையனைத் தூக்கித் தன் பாயில் போட்டுவிட்டு, நனைந்த போர்வையைத் தோட்டத்துத் தொட்டியில் அலசிப் போடுவாள். கேட்டால், தண்ணிச் சொம்பைத் தட்டிவிட்டேன் என்பாள். தன் மேல் அடி விழுந்த நாளும் உண்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

* * *

அவிநாசி தாண்டி ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினார்கள். புவனா பின்னால் இருந்த கழிவறைக்குப் போய்விட்டு வந்தபோது அம்மா தனியாக நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேனுங்க. நேத்துச் சாயந்தரத்துலருந்து நான் தண்ணியே குடிக்கல. இன்னிக்கும் குடிக்க மாட்டேன். என்ற கவரை அடியில போட்டு மேல பட்டுத்துணி விரிச்சுட்டா ஒருத்தருக்கும் தெரியாது. சீரு சித்த நேரந்தானுங்கம்மா. நானே செஞ்சுக்கறேனே."

ராசாத்தாள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன அம்மணி வேண்டாம்னா சொன்னேன்?"

"நீங்கதானுங்க சொன்னீங்க."

"நான் வாயத் தொறந்து சொன்னேன். சொல்லச் சொன்னவன் உன்ற தம்பி. அக்கா உக்காந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்னு அன்னிக்குக் கடையிலருந்து வந்ததும் சோத்துத் தட்டத் தள்ளிப்போட்டு நிக்கறான். உனக்கு மனசு சங்கடமாகுமேன்னு நான் என்ற பேர்ல சொல்லிட்டேன். போதுமா?"

புவனாவுக்கு முதலில் அம்மாவின் மேல் இரக்கம்தான் வந்தது. அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. இத்தனை நாள் அம்மாவை மனசுக்குள் திட்டியதெல்லாம் வீண். திட்டுவதற்கு வசதியான ஆளாக அம்மா தன்னை நிறுத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னக் கருணையையும் இப்போது அவளே பிடுங்கிக்கொண்டாள்.

கவின் பஃப்ஸ் தின்றபடி வந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறைக்க முயலவில்லை.

"அக்கா, நீங்களே யோசிச்சுப் பாருங்க. டிரோன் வெச்சு எடுக்கறானுங்க. பெரிய திரையில ஓடும். லைவ்ல பொண்ணோட ஆபீசே பாக்கும். அந்த ஜவுளிக்கடையில ஆனது மாதிரி அங்க ஒண்ணு ஆச்சுன்னா, வாழ்க்கை பூராம் அவ ஊட்டுல என்னைய எப்படிப் பாப்பாங்க?"

"உன்னையவா?"

"பின்ன? உங்க தம்பின்னுதானுங்க பாப்பாங்க."

அவன் சொன்னதில் கோபமே இல்லை. கணக்கு ஒப்பிக்கிற பையனின் முகம்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கோபமாக இருந்தால் நாளைக்கு ஆறிவிடும்.

"டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டான்.

"வேண்டாங்கண்ணு."

"அதுவுஞ் சரிதான்" என்றான் கவின்.

* * *

மண்டபத்தில் நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி உறை மாட்டி, முதுகில் ரோஸ் நிறத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். மேடையில் இரண்டு பேர் உட்காரும் தாழ்வான ஆசனம். அதுவும் வெள்ளை வெல்வெட். இந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு வந்த எல்லாமே ஏன் இப்படி வெள்ளையாகிவிட்டன? என்னைப் பயமுறுத்தவென்றே யாரோ தேர்ந்தெடுத்த மாதிரி.

அருள்குமார் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். புவனாவின் முகத்தைப் பார்த்தான். "விடு புவனா. ஒருபக்கமா நின்னு வேடிக்கை பாரு. நான் இந்த ஊட்டு மாப்பிள்ளை, என்னைய மட்டும் யாரு கண்டுக்கறா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கூடத்தின் பக்கம் போனான்.

மாடியில் உடை மாற்றும் அறை. அங்கே இன்னொன்று காத்திருந்தது.

"புவனா, தாரிகாவுக்குக் கொசுவம் வெச்சு உடு. நீதான் சரியா வெப்ப" என்றாள் அம்மா.

கட்டில்மேல் மயில்கழுத்து நிறப் பட்டு. இணைச்சீருக்கென்று புவனா தனக்குத் தானே தேர்ந்தெடுத்த புடவை. அந்தக் கடையில், அந்த மெத்தையில் உட்கார்ந்துதான் தேர்ந்தெடுத்தாள்.

அவள் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து மடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின் குத்தினாள். தாரிகாவின் இடுப்பு சின்னது. புடவை ஒரு சுற்று கூடுதலாக வந்தது. வலிக்கிற மாதிரி ஒரு பின்னைக் குத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஊசி முனையைத் துணி தாண்டித் தோலைத் தொடும் இடம்வரை கொண்டுபோய், திரும்ப எடுத்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் வேண்டாம்னுதான் சொன்னேன். பெரியம்மாதான் விடமாட்டேன்னுட்டாங்க" என்றாள் தாரிகா.

"நேரா நில்லு."

எல்லோரும் கீழே போனார்கள். மேளச் சத்தம் ஆரம்பித்தது. புவனா சிதறிக் கிடந்த பின்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு மறுபடி திறந்தது. தாரிகா உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். பூசியிருந்ததையும் மீறி முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, உங்க கவரை எனக்குக் குடுங்கக்கா."

"எதுக்கு?"

தாரிகா அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"தள்ளிப்போக மாத்திரை வாங்கிக் குடுத்தாங்க பெரியம்மா. ரெண்டு நாள் போட்டேன். அப்பறம் அட்டைய பெங்களூர்லயே வெச்சுட்டு வந்துட்டேன். இங்க எப்படிக் கேக்கறது? நாளைக்குத்தான் ஆகும்னு நெனச்சேன். இப்பத்தான் பாத்ரூம்ல..." அழுகையை அடக்கினாள். "பேடு வெச்சிருக்கறேன். இருந்தாலும் வெள்ளைச் சீட்டுக்கா. பயமா இருக்குது. யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க கால்ல வேண்ணா உழுகறேன்."

புவனா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். தீட்டோடு மேடையேற இந்த வீட்டில் யாரையும் விடமாட்டார்கள். அந்த நிமிஷமே மயில்கழுத்துப் பட்டு தன்னிடம் திரும்பி வந்துவிடும். நாக்கின் நுனியில் அந்தச் சந்தோஷத்தின் ருசி தெரிந்தது. இப்படி ஒரு ருசி தனக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அதை அவள் சற்று நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே அந்தப் பெண் நடுங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாரோ ஒருத்தி தன்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

பிறகு கைப்பையைத் திறந்து கருநீலக் கவரை எடுத்தாள்.

"படலம் இருக்கற பக்கம் கீழ வரோணும். ரெண்டா மடிச்சுப் போடு. மேல சரிகைத் துண்டு ஒண்ணு விரிச்சுக்க. உக்காரும்போது முன்னால தள்ளி உக்காராத, ஓரம் தெரிஞ்சுபோடும்."

தாரிகா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புவனா கையை இழுத்துக்கொண்டாள். தான் கொடுத்தது இரக்கத்தால் மட்டும்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த வெல்வெட்டின் மேல் தான் உட்கார முடியாவிட்டாலும் தன் துணியாவது உட்காரட்டும் என்ற நினைப்பும் அதில் இருந்தது.

கவர் கையைவிட்டுப் போனதும் அவளுக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று. கீழே வந்து ஒரு தூணோரம் நின்றுகொண்டாள்.

* * *

சீர் நடத்தும் அருமைக்காரர் பெரியவர். ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்வார். முதலில் மாப்பிள்ளையை உட்கார வைத்து அருகம்புல்லால் தண்ணீர் தெளித்தார். பிறகு தாரிகா வந்தாள். உட்காருவதற்கு முன் குனிந்து எதையோ சரிசெய்தாள். பெரிய திரையில் அது ஒரு நொடி தெரிந்தது. சரிகைத் துண்டுக்கு அடியில் கருநீல ஓரம்.

பார்த்தவர்கள் யாருக்கும் அது எதுவென்று தெரிந்திருக்காது, ராசாத்தாளைத் தவிர. மகளோடு இத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போனவள். அந்த நீலத்தை அவளுக்குத் தெரியும்.

புவனா தூணோரம் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தாள். அம்மா சிரித்த முகத்தோடு மேடையேறினாள். தாரிகாவின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து காதில் ஏதோ கேட்டாள். தாரிகா தலையைக் குனிந்தாள். உதடு கோணியது. அவ்வளவுதான்.

"புள்ளைக்கு மயக்கமா வருதுங்க. காலைலருந்து வெறும் வயிறு" என்று அம்மா சபைக்குச் சொன்னாள். இரண்டு பெண்கள் தாரிகாவைத் தாங்கி அழைத்துப் போனார்கள். அருமைக்காரர் கூறைப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முன் வரிசையில் சம்பந்தியம்மா தன் வீட்டுக்காரரிடம் என்னவோ சொன்னாள்.

ராசாத்தாள் மேடையிலிருந்து இறங்கி நேராகத் தூணுக்கு வந்தாள். மகளின் மணிக்கட்டைப் பிடித்து, மேடைக்குப் பக்கத்தில் பாத்திரங்கள் வைத்திருந்த சின்ன அறைக்குள் இழுத்துப் போனாள். கவினும் பின்னாலேயே வந்தான். கழுத்து மாலை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது.

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் குடுத்தயா?" அம்மா இரண்டு விரலால் பிடித்திருந்த கருநீலக் கவரை அவள்மேல் எறிந்தாள்.

"கேட்டா, குடுத்தேனுங்க."

"சரி, அந்தப் பேச்சு பொறவு. சீல மாத்த நேரமில்ல. இருக்கறது போதும். தாரிகா கழுத்து ஆரத்தக் கழட்டிக் கொண்டாறச் சொல்லியிருக்கறேன், போட்டுக்க. வா."

புவனாவுக்குக் கேட்டது சரிதானா?

"நானுங்களா?"

"வேற யாரு இருக்கறா? நீதான கூடப் பொறந்தவ."

கூடப் பிறந்தவள். அந்த வார்த்தையை இந்த மாதம் முழுக்க யாராவது சொல்வார்களா என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளே ஏதோ ஒன்று எழுந்து ஓடத் தயாரானது. வெட்கமில்லாமல், கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு. கால் ஒரு எட்டு முன்னால் வைக்கவே வைத்துவிட்டது.

"அக்கா." கவின் குரலைத் தாழ்த்தினான். "அந்த நீலத்த இனிப் போட முடியாதுங்க, அவ உக்காந்துட்டா. வண்டில இருக்கறத எடுத்தாறச் சொல்லி சாய்க்கு போன் பண்ணிட்டேன். பின்வழியா வந்துருவான். அதைத் திருப்பிப் போட்டு மேல பட்டுத்துணிய விரிச்சுட்டா நாய்க் கால் தெரியாது."

புவனா முன்னால் வைத்த காலைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுங்க. எவன் என்ன சொன்னாலும் சிரிச்சுப் போடாதீங்க. தலையக் குனிஞ்சுட்டே இருங்க. முடிஞ்சதும் உடனே எந்திரிக்காதீங்க, அம்மா பின்னால வந்து மறைச்சு நின்னப்பறம் எந்திரிங்க. சரிங்களா?"

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறான். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. அந்தப் பயம் அவளுக்குப் பழக்கமானது. விடிகாலையில், முழித்துக்கொண்ட நாட்களில், நனைந்த போர்வைக்குள், அம்மாவின் காலடி கேட்கிறதா என்று கவனித்த அதே கண்.

"கவின், சின்னதுல உன்ற போர்வைய நான் அலசிப் போடுவனே, ஞாபகம் இருக்குதா?"

"எந்தப் போர்வைங்க?" அவன் நெற்றி சுருங்கியது. உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? அங்க எல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க."

அவன் மறந்துவிடும்படியாகத்தான் அவள் அத்தனை வருஷமும் அலசியிருக்கிறாள். வேலை சுத்தமாக முடிந்திருந்தது.

புவனா கீழே கிடந்த கவரை எடுத்தாள். மூன்றாக மடித்தாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"நான் வரலீங்கம்மா."

"என்ன சொல்ற?"

"நான் வரலீங்க."

ராசாத்தாள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு மகளுக்கு வெகு அருகில் வந்தாள். வெற்றிலை வாசம் அடித்தது. "இந்தச் சபையில என்ற மானத்த வாங்கோணும்னு இருக்கறயா? இத பாரு. இப்ப நீ அந்த முனையப் புடிக்கலன்னா, உனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு இல்ல. நாளைக்கு அருள்குமாரு உன்னைய வெளிய தள்ளுனாலும் எங்க வாசல்ல வந்து நிக்கக் கூடாது. நல்லது கெட்டது எதுக்கும் வரக் கூடாது. அத்துப்போச்சுன்னு வெச்சுக்க."

கவின் வாயைத் திறப்பான் என்று புவனா ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாய்கிருஷ்ணா பின்வாசலுக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது.

"சரீங்கம்மா" என்றாள் புவனா.

கதவைத் திறந்துகொண்டு மண்டபத்துக்குள் நடந்தாள். தூணைத் தாண்டினாள். ஓரத்தில் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தாண்டினாள். முன் வரிசையில், சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு இடம் காலியாக இருந்தது. வெள்ளை உறை, ரோஸ் முடிச்சு. பையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

சம்பந்தியம்மாவின் கை தானாகவே கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்தது.

மேடையில் கவின் வந்து உட்கார்ந்தான். அவன் கையில் கூறைப்புடவையின் ஒரு முனை. மறு முனை, வெறுமையாக இருந்த வெல்வெட்டின் மேல் கிடந்தது. சாய்கிருஷ்ணா மேடைப் படியருகில் சாம்பல் நிறச் சுருட்டலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தான்.

அருமைக்காரர் சபையைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவங்க வாங்கம்மா" என்று கூப்பிட்டார்.

எல்லாத் தலைகளும் புவனாவின் பக்கம் திரும்பின. பின்வரிசையிலிருந்து அருள்குமார் அவசரமாக எழுந்து வருவது தெரிந்தது.

அருமைக்காரர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

புவனா மடியில் இருந்த பையின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.